ஈறு நிறத்தில் ஒரு புள்ளி

பல்லம்மாவுக்கு அந்தப் பெயர் வந்ததற்கு அவளுடைய பல் காரணமில்லை. ஊரில் பாதிப் பேருடைய பல் காரணம். பல் டாக்டரின் கிளினிக்குக்குப் பின்னால், ஒற்றை ஜன்னல் வைத்த சிறிய அறையில் உட்கார்ந்து பல்செட் செய்வது அவள் வேலை. டாக்டர் நோயாளியின் வாயில் அச்செடுத்து அனுப்புவார். அவள் அதில் பிளாஸ்டர் ஊற்றி, மெழுகில் ஈறு பிடித்து, பற்களை ஒவ்வொன்றாக நிறுத்துவாள். பிறகு மெழுகை உருக்கி எடுத்துவிட்டு, அந்த இடத்தில் ஈறு நிறப் பசையை அடைத்து வேகவைத்து, தேய்த்து, மினுக்கி முன்னறைக்கு அனுப்புவாள். பல் போனால் சொல் போச்சு என்பார்கள். போன சொல்லைத் திருப்பிக் கொடுப்பவள் என்று டாக்டர் வருகிறவர்களிடமெல்லாம் அவளைப் புகழ்வார். சம்பள உயர்வு கேட்டால் மட்டும் அவருக்கே சொல் போய்விடும்.

அது வயிற்றுப்பாட்டுக்கான வேலை. மனசு கிடந்தது பறவைகளிடமும் நத்தைகளிடமும்.

படித்துப் பட்டம் வாங்கி வந்த ஆசை இல்லை இது. கல்யாணமாகி, தண்ணீர் ஏற்றும் நிலையத்தின் குவார்ட்டர்ஸுக்குக் குடிவந்த புதிதில், புருஷன் பம்ப் ஓட்டப் போய்விட்டால் பேச்சுத்துணைக்கு ஆள் கிடையாது. சமையலறை ஜன்னலில் நின்று வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். பார்க்கப் பார்க்கப் பிடித்துப்போயிற்று. முதலில் ஒரு பழைய பைனாகுலர் வந்தது, பிறகு ஒரு பூதக்கண்ணாடி, பிறகு நூலகத்தில் யாரும் கை வைக்காத தடித்தடிப் புத்தகங்கள். காலையில் வேலைக்குப் போகும் முன் பறவை, சாயங்காலம் வேலை விட்டு வந்தபின் நத்தை என்று நேரம் பிரித்துக்கொண்டாள். காலையில் அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலிக்கும், சாயங்காலம் குனிந்து பார்த்து இடுப்பு வலிக்கும். இரண்டுக்கும் ஒரே தைலம்தான். ஆனால் நோட்டு மட்டும் தனித்தனி. பறவைக் கணக்கு நத்தை நோட்டில் ஏறாது, நத்தைக் கணக்கு பறவை நோட்டில் ஏறாது. அப்படி ஒரு ஒழுங்கு.

நிலையத்தின் பின்பக்கம், தண்ணீர் வடிகட்டும் தொட்டியை ஒட்டி ஒரு பழைய கற்சுவர் இருக்கிறது. காரை உதிர்ந்த இடுக்குகள், எந்நேரமும் கசிகிற ஈரம், பாசி. அதில் சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு நத்தை வாழ்ந்தது. சுவர் எந்த நிறமோ அதுவும் அந்த நிறம். பகலில் இடுக்கில் ஒட்டிக்கொண்டால் தொட்டுப் பார்த்துத்தான் நத்தை என்று சொல்ல முடியும். எந்தப் புத்தகத்திலும் அதன் படம் அகப்படவில்லை. வெற்று ஓடுகள் சிலவற்றைத் தீப்பெட்டியில் பஞ்சு வைத்து அருங்காட்சியகத்துக்கு அனுப்பினாள். பதில் கடிதம் வரும் என்று எதிர்பார்த்தால் ஆளே வந்துவிட்டார். நரைத்த தாடி, இஸ்திரி போட்ட பேண்ட். வந்தவர் பேண்ட்டோடு சேற்றில் மண்டியிட்டு வெகுநேரம் சுவரைப் பார்த்தார்.

"இது ஒரு காலத்துல நிறைய இடத்துல இருந்ததும்மா. பழைய சுவரையெல்லாம் இடிச்சு சிமெண்ட் பூசிட்டாங்க. எனக்குத் தெரிஞ்சு இப்ப இந்த ஒரு சுவருலதான் உயிரோட இருக்கு" என்றார். கிளம்பும்போது முட்டிச் சேற்றைத் தட்டிவிட்டுக்கொண்டே, "பாத்துக்கங்க" என்றார்.

போகிற போக்கில் சொன்ன வார்த்தைதான். கடைக்குப் போகிறவர்கள் பக்கத்து வீட்டில் சாவியைக் கொடுத்துவிட்டுச் சொல்வதில்லையா, அப்படி. பல்லம்மா அதைச் சத்தியவாக்காக எடுத்துக்கொண்டாள். அன்று முதல் அந்தச் சுவர் அவள் பொறுப்பு.

பார்த்துக்கொள்வதென்றால் யார் யார் என்று தெரிய வேண்டாமா? கும்பலாக எண்ணினால் நேற்று எண்ணியதையே இன்றைக்கும் எண்ணித் தொலைப்போம். அதனால் அடையாளம் வைக்க ஆரம்பித்தாள். வெளியே எங்கும் போய்ப் பெயிண்ட் தேடவில்லை. பல்செட்டுக்குக் குழைத்த பசையில் எப்படியும் ஒரு துளி மிஞ்சும். ஈறு நிறம், பளிச்சென்ற ரோஸ். மழையில் கரையாது, வெயிலில் உரியாது, உடம்புக்குக் கெடுதல் இல்லை. மனிதன் வாயில் வருஷக்கணக்காகக் கிடக்கிற சாமான் நத்தையின் முதுகில் கிடக்காதா? ஒன்றுக்கு ஓட்டின் உச்சியில் புள்ளி, ஒன்றுக்கு வாயோரம், ஒன்றுக்கு இரட்டைப் புள்ளி. யாருடைய செட்டில் மிஞ்சிய பசையோ, அந்த ஆளின் பெயரே நத்தைக்கும். இப்படித்தான் சுவரில் தபால்காரர் குடியேறினார். ரயில்வே கார்டு வந்தார். வக்கீலம்மா வந்தார். ஓய்வுபெற்ற பாட்டு டீச்சர் வந்தார். கைக்கு எட்டுகிற உயரம் வரைக்கும், நாலைந்து வருஷத்தில், அநேகமாக எல்லாருக்கும் பொட்டு வைத்துவிட்டாள்.

ஒருநாள் நிஜமான வக்கீலம்மா பல்லைச் சரிபார்க்கக் கிளினிக்குக்கு வந்தபோது, பல்லம்மா ஏதோ ஞாபகத்தில், "ரெண்டு நாளா குழாய் மேலயே உக்காந்திருக்கீங்களே, என்ன விஷயம்?" என்று கேட்டுவிட்டாள். டாக்டர் குறுக்கே விழுந்து சமாளித்தார். வக்கீலம்மா அதற்குப் பிறகு வேறு டாக்டரிடம் போவதாகக் கேள்வி.

இனி அவள் புருஷனைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஊர் அவரைப் பம்ப்காரர் என்றது. அதிகம் பேசாதவர். மோட்டார் இரைச்சலில் இருபத்துநாலு மணி நேரமும் இருக்கிறவன் பேசி என்ன, பேசாவிட்டால் என்ன என்பார். அவருக்கு ஒரே ஒரு சொந்த ஆசை உண்டு. அதே கற்சுவரின் அடியில், ஈரம் வீணாகிறதே என்று பாத்தி கட்டி முட்டைக்கோஸ் போட்டிருந்தார். குழந்தைக்குப் போர்வை போர்த்துகிற மாதிரி சாயங்காலம் அவற்றின் மேல் சாக்கு போர்த்துவார். புருஷன் கோஸ் வளர்க்கிறான், பெண்டாட்டி நத்தை வளர்க்கிறாள், நடுவில் ஒரே சுவர். கேட்டவர்கள் சிரிக்காமல் என்ன செய்வார்கள்?

"உன் ஆளுங்க ராத்திரி என் பாத்தியில விருந்து சாப்பிட்டுப் போயிருக்காங்க, வந்து பாரு" என்பார் அவர்.

"என் ஆளுங்க பாசியைத் தவிர எதையும் தொடமாட்டாங்க. உங்க கோஸைத் தின்னது ஓடில்லாத நத்தை. அதுக்கு நான் பொறுப்பில்லை" என்பாள் அவள்.

அவள் நத்தை பார்க்கத் தொடங்கிய புதிதில் ஒருமுறை, விஷயம் தெரியாமல் பாத்தியைச் சுற்றி அவர் உப்பைத் தூவிவிட்டார். அன்றைக்கு நடந்த சண்டை நிலையத்துக்கே தெரியும். அதற்குப் பிறகு உப்பு டப்பாவைக்கூட அவள் கையால் வாங்கித்தான் சாப்பாட்டில் போட்டுக்கொள்வார்.

இந்த வருஷம் மழை தொடங்கும்போது ஒரு நல்ல காரியம் நடந்தது. வருஷாவருஷம் வந்து ரெண்டு வாரம் தங்கிவிட்டுப் போகிற பூங்குருவி, இந்தத் தடவை ஜோடியோடு வந்து பம்ப் அறையின் காற்றுத்துவாரத்தில் கூடு கட்டிவிட்டது. கருநீலம். விடிந்தும் விடியாமல், தெருவில் போகும் வேலையற்ற பையன் சீட்டியடிப்பது போல இழுத்து இழுத்துப் பாடும். பல்லம்மா தரையில் கால் பாவாமல் நடந்தாள். பறவை நோட்டில் பக்கம் பக்கமாக எழுதினாள். குஞ்சு பொரித்த அன்றைக்கு டாக்டருக்கே இனிப்பு வாங்கிக் கொடுத்தாள். அவளுக்குத்தான் பேரப்பிள்ளை பிறந்திருக்கிறது என்று அவர் நினைத்துக்கொண்டார்.

அதே மழையில்தான் நத்தைகள் குறைய ஆரம்பித்தன.

முதலில் தபால்காரரைக் காணோம். எங்காவது இடுக்கில் இருப்பார் என்று விட்டாள். பிறகு ரயில்வே கார்டு. பிறகு பாட்டு டீச்சரும், அவர் பக்கத்திலேயே எப்போதும் கிடக்கிற இரட்டைப் புள்ளிக்காரரும் ஒரே நாளில். நத்தை வெயில் காலத்தில் மறைந்தால் அதிசயமில்லை. மழையில், பாசி தழைத்து நிற்கும்போது, ஊர்வலம் போக வேண்டிய நேரத்தில் மறைந்தால்? ஈரம் பார்த்தாள், எறும்பு பார்த்தாள், தொட்டியில் புதிதாக மருந்து ஏதும் கலக்கிறார்களா என்று விசாரித்தாள். எல்லாம் பழையபடியே இருந்தன. நத்தைகள்தான் இல்லை. ஒவ்வொரு சாயங்காலமும் டார்ச்சை எடுத்துக்கொண்டு போவாள், முகம் செத்துத் திரும்புவாள். உலகத்தில் இந்த ஒரு சுவரில் மிஞ்சியிருக்கிற உயிர் என் கண் முன்னால் தீர்ந்துபோகிறது என்ற எண்ணம் வந்துவிட்டது. எண்ணம் வந்தபின் தூக்கம் போய்விட்டது.

அப்போதுதான் சாமான் அறையில், மண்வெட்டிக்குப் பின்னால், அந்தப் பாக்கெட் கண்ணில் பட்டது. நத்தைக்கு வைக்கிற விஷக் குருணை. மூலை கிழிந்து நீலக் குருணை கொஞ்சம் தரையில் சிந்தியிருந்தது.

அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவள் பாக்கெட்டைக் கொண்டுவந்து தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"என்ன இது?"

அவர் பார்த்தார். "அது எப்பவோ ஆபீஸ்ல தோட்டத்துக்குன்னு எல்லாருக்கும் குடுத்தது. நான் பிரிக்கவே இல்லையே."

"பிரிக்காமலா வாய் கிழிஞ்சிருக்கு?"

"எலி கடிச்சிருக்கும்."

"எலிக்கு உங்க கோஸ் மேல என்ன அக்கறை?"

"நான் போடலை. சொன்னா நம்பு."

"அன்னிக்கு உப்பைப் போட்டவரும் நீங்கதானே? நீங்க கேட்டிருந்தா கோஸை நானே விலைக்கு வாங்கிக் குடுத்திருப்பேன். ஒரு பூண்டையே அழிச்சிட்டீங்களே!"

பூண்டோடு அழிப்பது என்பார்களே, அந்தக் கோபத்தில் வார்த்தை முறிந்து வந்தது. அவர் கையைக் கழுவிக்கொண்டு எழுந்துவிட்டார். பாதிச் சோறு தட்டிலேயே இருந்தது. கத்தியிருந்தால் அவளும் கத்தியிருப்பாள், சண்டை முடிந்திருக்கும். அவர் கத்தவில்லை.

மறுநாள் காலை பைனாகுலரோடு வெளியே வந்தவள் பாத்தியைப் பார்த்து நின்றுவிட்டாள். ஒரு கோஸ்கூட இல்லை. எல்லாவற்றையும் வேரோடு பிடுங்கிக் குவித்திருந்தார். சில இன்னும் முஷ்டி அளவுகூடத் தேறாதவை. அவர் பாத்தியை மண்வெட்டியால் சமமாக இழுத்துவிட்டுக்கொண்டிருந்தார்.

"இனிமே எனக்கு இங்க காப்பாத்தறதுக்கு ஒண்ணுமில்லை. விஷம் வைக்கவும் தேவையில்லை. இப்ப பாரு, உன் நத்தை குறையறது நிக்குதான்னு" என்றார். மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு பம்ப் அறைக்குப் போய்விட்டார்.

பல்லம்மாவுக்கு அன்று வேலை ஓடவில்லை. மத்தியானம் பாதி நாள் விடுப்புச் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தாள். சாமான் அறைக்குப் போனாள். பாக்கெட்டை எடுத்து, ஜன்னல் வெளிச்சத்தில், வேலைக்கு வைத்திருக்கும் பூதக்கண்ணாடியால் கிழிசலைப் பார்த்தாள். முதலில் செய்திருக்க வேண்டிய காரியம். ஓரம் முழுக்க உளியால் கொத்தியது போல ஜோடி ஜோடியாகத் தடம். மேல்பல் இரண்டு, கீழ்ப்பல் இரண்டு. ஊரில் யார் கடித்த ஆப்பிளைக் காட்டினாலும் ஆள் பெயரைச் சொல்லக்கூடியவள் அவள். எலியின் பல்லைத் தெரியாதா? ஆயுள் முழுக்கப் பல்லையே பார்த்தவள், பார்க்க வேண்டிய ஒரு பல்லைப் பார்க்காமல் புருஷனைக் குற்றவாளியாக்கிவிட்டாள். குருணையும் சிந்தின அளவு தவிர அப்படியே இருந்தது.

தப்பு தெரிந்துவிட்டது. போய்ச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை என்று தன்னைத்தானே சமாதானம் செய்துகொண்டாள். உண்மையில் அவளுக்கு மன்னிப்புக் கேட்கும் பழக்கம் இல்லை, அவ்வளவுதான். சுவரில் ஏதாவது தெரியட்டும், காரணம் கிடைக்கட்டும், சேர்த்துச் சொல்லிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டாள். வீட்டில் "தண்ணி வருது", "கரண்ட் போச்சு", "சாப்பாடு மேடையில இருக்கு" என்ற மூன்று வாக்கியங்களுக்கு மேல் பேச்சு இல்லை. அவர் சாயங்காலங்களில் வெறும் பாத்தியின் ஓரமாகக் கொஞ்ச நேரம் நிற்பார், பிறகு உள்ளே வந்துவிடுவார். அதைப் பார்க்கும்போதெல்லாம் அவள் ஜன்னலை விட்டு நகர்ந்துவிடுவாள்.

நத்தைகளோ தொடர்ந்து போய்க்கொண்டிருந்தன.

கடைசியில், சாயங்காலம் பார்த்துப் பயனில்லை, பகல் முழுக்கச் சுவரோடு இருந்து பார்த்துவிடுவோம் என்று டாக்டரிடம் ஒரு வாரம் விடுப்புக் கேட்டாள். "யாருக்கு உடம்பு சரியில்லை?" என்றார் டாக்டர். "சொந்தக்காரங்களுக்கு" என்றாள். பொய் என்று அவளுக்குத் தோன்றவில்லை.

தொட்டி மேட்டில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தாள். விடிந்தது. பூங்குருவி பாடி முடித்தது. வழக்கமாக அந்த நேரத்தில் அவள் பைனாகுலரை உறையில் போட்டுக்கொண்டு வேலைக்குக் கிளம்பிவிடுவாள். அன்று கிளம்பவில்லை. கொஞ்ச நேரத்தில் டக், டக், டக் என்று சத்தம் கேட்டது. இந்தச் சத்தம் அவளுக்குப் புதிதில்லை. தலைவாரும்போது தினமும் கேட்பதுதான். அவர் ஸ்பேனரால் வால்வைத் தட்டுகிறார் என்று நினைத்திருந்தாள். இன்று அவர் எதிரிலேயே பம்ப் அறை வாசலில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். சத்தம் மட்டும் சுவரின் மறு கோடியிலிருந்து வந்தது.

எழுந்து போனாள். பழைய வால்வுக் குழியை மூடியிருந்த கான்கிரீட் பலகையின் மேல் பூங்குருவி நின்றது. அலகில் ஏதோ இருந்தது. தலையை ஓங்கி ஓங்கிப் பலகையில் அடித்தது. ஓடு தெறித்தது. சதையைக் கவ்விக்கொண்டு காற்றுத்துவாரத்துக்குப் பறந்தது. உள்ளே குஞ்சுகளின் கூச்சல்.

பலகையைச் சுற்றி ஓட்டுத் துண்டுகள் இறைந்து கிடந்தன. பல்லம்மா மண்டியிட்டாள். ரோஸ், ரோஸ், ரோஸ். துண்டுகளில் ஒட்டியிருந்த புள்ளிகள் கழுவி வைத்தது போலப் பளபளத்தன. நல்ல சரக்கு, அவள் கை வேலை, தேயவே இல்லை. தபால்காரரின் உச்சிப் புள்ளி கிடந்தது. பாட்டு டீச்சரின் வாயோரப் புள்ளி கிடந்தது. புள்ளி வைத்திருக்க வேண்டிய பாகத்தைத் தேடித் தேடி எடுத்துப் பார்த்தாள். புள்ளி இல்லாத ஓடு அநேகமாக ஒன்றுமே அகப்படவில்லை.

பறவையைப் பார்த்தபோது சந்தோஷப்பட்டாள், நத்தையைக் காணாதபோது அழுதாள். ஒன்றையும் மற்றொன்றையும் ஒரே நாளில், ஒரே கண்ணால் பார்க்க அவளுக்குத் தோன்றவே இல்லை.

உடனே ஏணியைத் தூக்கிக்கொண்டு வந்து சுவரில் சாய்த்து ஏறினாள். கைக்கு எட்டாத உயரத்தில், அவள் ஒருபோதும் புள்ளி வைக்காத இடத்தில், நத்தைகள் எப்போதும் போல இடுக்குக்கு இடுக்கு ஒட்டிக்கொண்டிருந்தன. சுவர் நிறத்தில், சுவர் போலவே, நிம்மதியாக. குருவிக்கு அந்த உயரம் எட்டாதா என்ன? அது பறக்கிற ஜாதி. கண்ணுக்குத் தெரியவில்லை, விட்டுவிட்டது.

அப்போதும் அவள் முடிவு கட்டவில்லை. ஒருமுறை அவசரப்பட்டது போதும் என்று இருந்தது. சேர்த்து வைத்திருந்த வெற்று ஓடுகளில் கொஞ்சத்துக்கு ரோஸ் புள்ளி வைத்து, கொஞ்சத்தைச் சும்மா விட்டு, பிளாஸ்டர் துளியால் சுவரில் மாற்றி மாற்றி ஒட்டினாள். மறுநாள் காலை ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்தாள். பூங்குருவி வந்து நேராகப் புள்ளியைக் கொத்தியது. ஓடு காலி என்று தெரிந்ததும் தலையைச் சாய்த்து யோசித்துவிட்டு, அடுத்த புள்ளிக்குப் போனது. நடுவில் இருந்த வெறும் ஓட்டைத் தாண்டியே போனது, திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

வேலியே பயிரை மேய்ந்த கதை. பாத்துக்கங்க என்று ஒருவர் சொல்லிவிட்டுப் போன உயிர்களை, ஒவ்வொன்றாகத் தொட்டு, பெயர் வைத்து, இதோ இருக்கிறது என்று குருவிக்குக் காட்டிக் கொடுத்தது அவள்தான். பல்லம்மா ஸ்டூலிலேயே முகத்தை மூடிக்கொண்டு அழுதாள்.

அழுது முடித்ததும் ஒரு கள்ள யோசனை வந்தது. மனுஷ மனசுதானே. யாருக்கும் தெரியாது. மிச்சமிருக்கிற புள்ளிகளைச் சத்தமில்லாமல் சுரண்டிவிட்டால் நத்தைகள் பெருகிவிடும். "மழை அதிகமானதுல கொஞ்சம் மறைஞ்சிருந்துச்சு, இப்ப வந்துடுச்சு" என்று சொல்லிக்கொள்ளலாம். கோஸ் விவகாரம் நாளாவட்டத்தில் ஆறிப்போகும். அவர் ஒன்றும் கிளறிக் கேட்கிற ஆளில்லை.

சாயங்காலம் தூறலில் நத்தைகள் வெளியே வந்தன. பல்செட் தேய்க்கிற மோட்டாரால் தேய்த்தால் ஓடு சூடேறிவிடும் என்று, மெழுகு செதுக்குகிற சின்னக் கத்தியைக் கொண்டுபோனாள். ஒவ்வொன்றாக எடுத்து, விரல்களுக்கிடையே வைத்து, புள்ளியின் ஓரத்தைக் கிளப்பி உரித்தாள். உள்ளங்கையில் ரோஸ் பொருக்கு விழும். நத்தையை எடுத்த இடத்திலேயே வைப்பாள். வைத்துக் கையை எடுத்த நிமிஷம் அது யாரோ ஒன்று. யார் எந்தக் குழாய்ப் பக்கம் போவார், யார் மழைக்கு முதலில் தலை நீட்டுவார், யாருக்கு வயசு எவ்வளவு என்று அவளுக்குத் தெரிந்ததெல்லாம் பொருக்கோடு போயிற்று. அருங்காட்சியகத்துக்காரர் பின்னொரு கடிதத்தில் அச்சில் போடலாம் என்று சொல்லியிருந்த ஆராய்ச்சி அது. அவள் பெயரோடு வந்திருக்கும். கை நிற்கவில்லை.

"என்ன பண்றே?"

திரும்பினாள். பம்ப்காரர் குடையோடு நின்றார். நாலு வார்த்தையாகப் பேச்சு வந்து எத்தனையோ நாளாயிற்று.

"புள்ளியை எடுக்கறேன்."

"ஏன்? கண்ணு போக உக்காந்து வச்சது."

வாயில் பொய் தயாராக இருந்தது. அவர் குடையை அவள் தலைக்கு மேல் நகர்த்தினார். அவர் தோளில் தூறல் விழுந்தது. அவளால் முடியவில்லை. பலகை, குருவி, ஏணி, வெற்று ஓடு, எல்லாவற்றையும் கொட்டினாள்.

அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். முடிந்ததும், "சும்மா இருந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி" என்றார்.

"ஆமாம்."

"அப்ப குருவியை விரட்டிடலாமா? துவாரத்துல வலை அடிக்கறது பத்து நிமிஷ வேலை."

"வேண்டாங்க. அதுக்கும் குஞ்சு இருக்கு. அதும்பாட்டுக்கு தேடி ஒண்ணு ரெண்டு தின்னிருந்தா இதுங்களும் தாங்கியிருக்கும். நான்தான் விலாசம் எழுதி ஒட்டிட்டேன்."

அவர் தலையாட்டினார். ஒரு நத்தை சுவரைத் தொட்டிருந்த குடை விளிம்பை நோக்கி ஊர்ந்து வந்தது. குடையை நகர்த்தி அதற்கு வழிவிட்டார்.

"அந்தப் பாக்கெட்டைப் பாத்தேன். எலிதான்" என்றாள் அவள்.

"எப்ப பாத்தே?"

"நீங்க கோஸைப் பிடுங்கின அன்னிக்கே."

அவர் முகம் மாறியது. இவ்வளவு நேரம் கேட்டதில் எதற்கும் மாறாத முகம்.

"அன்னிக்கேயா? தெரிஞ்சுமா இத்தனை நாள் பேசாம இருந்தே?"

அவள் உள்ளங்கையிலிருந்த பொருக்கைப் பார்த்தாள்.

"கோஸ் கிடக்கு, விடு. அடுத்த மழைக்குப் போட்டுக்கலாம்" என்றார். குரல் இறங்கிவிட்டது. "ஒரு நத்தையைக் காணோம்னா ஈரம் பாக்கறே, எறும்பு பாக்கறே, ஏணி போட்டு ஏறிப் பாக்கறே. குருவி மேல பழி போடறதுக்கு முன்னால ஓடு ஒட்டிவச்சு சோதிச்சுப் பாக்கறே. என் மேல போடறதுக்கு முன்னால ஒரு தடவை என் மூஞ்சியைப் பாத்திருக்கலாம் இல்ல? இத்தனை வருஷம் கூட இருக்கேனே. நான் போடலைன்னு சொன்னேனே. அது போதலையா உனக்கு?"

தூறல் சுவரில் விழுந்துகொண்டிருந்தது. விஷம் வைத்தவன் என்று சொன்னதைவிட, சொன்னதை நம்பாமல் போனதுதான் அவரை அறுத்திருக்கிறது என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. எதற்கும் ஆதாரம் தேடிப் பழகியவள், இதற்கு என்ன ஆதாரத்தைக் காட்டுவது என்று தெரியாமல் நின்றாள்.

"நான் எவ்வளவு வருத்தப்படறேன்னு உங்களுக்கு எப்படிக் காட்டறது? என்ன செஞ்சா நீங்க நம்புவீங்க?"

"காட்டவெல்லாம் வேண்டாம்" என்றார் அவர். "நீ வாயைத் திறந்து சொல்லு. நீ சொன்னா நான் நம்புவேன். எப்பவும் நம்பியிருக்கேன்."

கத்தியைக் கீழே வைத்துவிட்டு, கையிலிருந்த பொருக்கைப் புடவையில் துடைத்துக்கொண்டு, அவர் முகத்தைப் பார்த்து அவள் சொன்னாள்.